காணாமற்போன கட்டளைகள்
இணையவழிக் கூட்டங்களை நிர்வகிக்கும் சங்கங்களுக்குச் சில விளக்கங்கள்

ஒரு சங்கத்தின் பண்டகசாலையில் இருப்புச் சோதனை செய்யும்பொழுது, பதிவேட்டில் கண்ட நூல் சிப்பம் ஒன்று குறித்த இடத்தில் இல்லையென்றால், உடனே "திருட்டுப் போயிற்று" என்று எழுதிவிடும் இன்ஸ்பெக்டர் தம் தொழிலை அறியாதவரே ஆவார். சிப்பம் வேறு கிடங்கிற்கு மாற்றப்பட்டிருக்கலாம். வேறு எண்ணின்கீழ்ப் பதிவாகியிருக்கலாம். முன்னமேயே நெசவாளர்க்குப் பட்டுவாடா செய்யப்பட்டு வரவு வைக்கத் தவறியிருக்கலாம். அல்லது அந்தக் கிடங்கின் சாவி தம்மிடம் இல்லாதிருக்கலாம். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின்னரே "இல்லை" என்ற சொல்லை எழுதவேண்டும். இந்த முறை நூலுக்கும் நெல்லுக்கும் மட்டும் உரியதன்று. இப்பொழுது நம் சங்கங்களில் புகுந்துள்ள கணினிக்கும் உரியது என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதலானேன்.

நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் சேர்ந்த ஓர் ஒன்றியம். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில், நேரில் கூட இயலாதபொழுது, அதன் மாதாந்தக் கலந்தாலோசனைகள் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்னும் மென்பொருளின் வாயிலாக இணையவழியில் நடைபெறத் தொடங்கின. தொற்று நீங்கிய பின்னரும், தொலைவிலுள்ள சங்கப் பிரதிநிதிகளுக்குப் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சமாவதைக் கருதி, அவ்வழக்கம் தொடர்ந்தது. சென்ற ஆண்டில் ஒரு நாள், அடுத்த மாத நூல் கொள்முதலுக்கு எந்த விலைவரை கொடுக்கலாம் என்று பிரதிநிதிகள் பேசிக்கொண்டிருக்கையில், பெயர் தெரியாத இருவர் கூட்டத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது முடிவில்தான் தெரியவந்தது. நம் உச்ச விலையை விற்பவர் அறிந்துகொண்டால், அதற்குக் கீழ் அவர் ஏன் இறங்கப்போகிறார்? நஷ்டம் யாருடையது? தறியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினருடையது.

நிர்வாகக் குழு உடனே கூடி, அந்நியர் எவரும் நேரே கூட்டத்தில் நுழையாதவாறு, முதலில் காத்திருப்பு அறையில் நிறுத்தப்படவேண்டும் என்று தீர்மானித்தது. முன்பிருந்த எழுத்தர் விட்டுச்சென்ற குறிப்பேட்டில் அதற்கான கட்டளைகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. புதிதாகப் பணியேற்ற பெண் எழுத்தர் அவற்றை எழுத்துப் பிசகாமல் தட்டச்சிட்டார். "இப்பெயருள்ள கட்டளை எதனையும் அறியேன்" என்று கணினி சிவப்பெழுத்தில் விடை கூறிற்று. பல முறை முயன்றும் அதே விடைதான்.

இதிலிருந்து குழுவில் ஒரு பேச்சுப் பிறந்தது. முன்பிருந்த எழுத்தர் சிறிது மனத்தாங்கலுடன் பணியை விட்டவர். போகும்பொழுது கட்டளைகளை அழித்துவிட்டுப் போயிருக்கவேண்டும் என்று சிலர் கூறினர். அவருக்குச் சேரவேண்டிய கணக்குத் தொகையும் இதனை முன்னிட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆண்டுச் சோதனைக்கு யான் சென்றபொழுது, இக்குற்றச்சாட்டையும் விசாரித்து அறிக்கையில் சேர்க்குமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். முதல் நாள் மாலையில், நானும் ஏறக்குறைய அதனை நம்பும் நிலையிலேயே இருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

கட்டளை என்பது யாது?

இணையவழிக் கூட்டத்தில் யார் நுழையலாம், யார் பதிவு செய்யலாம், யார் திரையைக் காட்டலாம் என்பனவற்றை நிர்வாகி இரண்டு வழிகளில் அமைக்கலாம். ஒன்று, நிர்வாகத் திரையைத் திறந்து, சுட்டியால் அழுத்தி அழுத்தி அமைப்பது. மற்றொன்று, பவர்ஷெல் என்னும் கருவியில் கட்டளையை எழுத்தால் இடுவது. பவர்ஷெல் 2006ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரால் முதன்முதல் வெளியிடப்பட்டது. பத்துக் கணக்குகளுக்குத் திரையே போதும். இருநூறு கணக்குகளுக்கு ஒரே மாறுதலைச் செய்யவேண்டுமாயின், ஒரு வரிக் கட்டளை ஒரு நாள் வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். அன்றியும், எழுதிய கட்டளையைப் பதிவேட்டில் ஒட்டி வைக்கலாம். சுட்டியால் அழுத்தியதை அவ்வாறு வைக்க முடியாது. தணிக்கை செய்பவன் என்ற முறையில் இந்த இரண்டாவது நன்மையையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இக்கட்டளைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில் ஒரு வினைச்சொல்; பின்னர் ஒரு சிறு கோடு; அதன்பின் ஒரு பெயர்ச்சொல். 'கெட்' என்றால் காட்டு. 'செட்' என்றால் அமை. 'நியூ' என்றால் புதிதாக உண்டாக்கு. 'கிராண்ட்' என்றால் ஒருவருக்கு வழங்கு. கூட்ட விதிகளைக் காண்பதற்கு 'கெட்-சிஎஸ்டீம்ஸ்மீட்டிங்பாலிசி' என்றும், மாற்றுவதற்கு 'செட்-சிஎஸ்டீம்ஸ்மீட்டிங்பாலிசி' என்றும் கட்டளைகள் உள்ளன. இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும்; இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

நடுவில் வரும் 'சிஎஸ்' என்ற எழுத்துக்கள் எதனைக் குறிக்கின்றன என்று எழுத்தர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அது 'கம்யூனிகேஷன்ஸ் சர்வர்' என்னும் பழைய பெயரின் சுருக்கம். அப்பெயரில் உருவாகி வந்த மென்பொருள் 2010இல் 'லிங்க்' ஆயிற்று. 2015இல் 'ஸ்கைப் ஃபார் பிசினஸ்' ஆயிற்று. 2017இல் வெளிவந்த 'டீம்ஸ்' பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. கடையின் பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும், பழைய முத்திரை மட்டும் கட்டளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வரலாறு வெறும் சுவைக்காகக் கூறப்பட்டதன்று. கட்டளை காணாமற்போன காரணம் இதற்குள்ளேதான் அடங்கியிருந்தது.

கணினி கூறுவது என்ன, கூறாதது என்ன?

பவர்ஷெல்லில் எல்லாக் கட்டளைகளும் பிறவியிலேயே இருப்பதில்லை. ஒவ்வொரு துறைக்குரிய கட்டளைகளும் ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டுத் தனியே தரப்படுகின்றன. இத்தொகுதியை 'மாட்யூல்' என்பர். டீம்ஸ் நிர்வாகத்துக்கான மாட்யூலின் பெயர் 'மைக்ரோசாஃப்ட்டீம்ஸ்' என்பதே. நாம் ஒரு கட்டளையை இட்டவுடன், பவர்ஷெல் தனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட சில கோப்புறைகளில் மட்டும் மாட்யூல்களைத் தேடுகிறது. அங்கே அகப்படாவிட்டால், "இப்பெயரை அறியேன்" என்கிறது.

ஆகவே அந்தச் சிவப்பெழுத்தின் பொருள், "எனக்குக் காட்டப்பட்ட கிடங்குகளில் இப்பெயர் இல்லை" என்பது மட்டுமே. அக்கட்டளை உலகில் இல்லை என்றோ, யாரோ அழித்துவிட்டார்கள் என்றோ அது கூறவில்லை. சிவப்பெழுத்தைக் கண்டவுடன் மனம் கலங்கி, படிக்காமலே திரையை மூடிவிடுவது நம்மில் பலர்க்கு வழக்கம். அங்கத்தினர் கொண்டுவரும் மனுவை எவ்வளவு கவனத்துடன் படிக்கிறோமோ அவ்வளவு கவனத்துடன் அதனையும் படித்தல் வேண்டும். "அறியேன்" என்பது வேறு. "உமக்கு அனுமதி இல்லை" என்பது வேறு. "இந்தக் கணினியில் ஸ்கிரிப்டு இயக்குவது தடுக்கப்பட்டுள்ளது" என்பது வேறு. மூன்று நோய்களுக்கும் மருந்து வெவ்வேறு.

தேட வேண்டிய முறை

இருப்புச் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு என்பதுபோல, இதற்கும் ஒரு வரிசை உண்டு. எளிதானதிலிருந்து தொடங்குவது நலம்.

முதலாவது, பெயர். ஓர் எழுத்துக் குறைந்தாலும் கட்டளை அகப்படாது. முழுப் பெயரில் ஐயம் இருந்தால், 'கெட்-கமாண்ட்' என்று எழுதி, நினைவிலுள்ள பகுதியின் இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டுக் கேட்கலாம். 'மீட்டிங்பாலிசி' என்பது நினைவிலிருந்தால், அதனை உள்ளடக்கிய எல்லாக் கட்டளைகளையும் அது வரிசையாகக் காட்டும். பட்டியலே வெறுமையாக வந்தால் குற்றம் எழுத்தில் இல்லை. அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாவது, தொகுதி இக்கணினியில் உண்டா என்பது. 'கெட்-மாட்யூல்' என்பதுடன் 'லிஸ்ட்அவைலபிள்' என்ற குறிப்பையும் மாட்யூலின் பெயரையும் சேர்த்துக் கேட்டால், உள்ள பதிப்புக்களையும், அவை இருக்கும் கோப்புறையையும் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால், 'இன்ஸ்டால்-மாட்யூல் மைக்ரோசாஃப்ட்டீம்ஸ்' என்ற கட்டளையால், பவர்ஷெல் காலரி என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து தருவித்துக்கொள்ளலாம். பழைய கணினிகளில் இவ்விடத்தில் ஓர் இடையூறு நேர்வதுண்டு. 2020ஆம் ஆண்டு முதல் அக்களஞ்சியம் டி.எல்.எஸ். 1.2 அல்லது அதற்கு மேற்பட்ட பாதுகாப்பு முறையில் வரும் இணைப்பை மட்டுமே ஏற்கிறது. பழைய அமைப்பிலுள்ள கணினி வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும். அப்பொழுதும் கட்டளை இல்லை என்றே நமக்குத் தோன்றும். உண்மையில் வழிதான் அடைபட்டிருக்கிறது.

மூன்றாவது, எந்தக் கிடங்கு என்பது. விண்டோஸ் கணினியில் பவர்ஷெல் இரண்டு வகையாக இருக்கக்கூடும். விண்டோஸுடன் சேர்ந்தே வருவது 5.1, தனியாக நிறுவிக்கொள்வது 7ஆம் வரிசை. ஒரே கணினியில் இரண்டும் அருகருகே இருக்கலாம். ஆனால் இரண்டிற்கும் மாட்யூல் கோப்புறைகள் வெவ்வேறு. ஒன்றில் நிறுவியது மற்றொன்றில் அகப்படாமற்போவது உண்டு. இஃதன்றி, 'கரண்ட்யூசர்' என்ற குறிப்புடன் நிறுவப்பட்ட மாட்யூல், நிறுவியவருடைய சொந்தக் கோப்புறையில் சென்று அமர்கிறது. அதே கணினியில், அதே நாற்காலியில், வேறு பெயரில் உள்நுழைபவருக்கு அது கண்ணிற் படாது. தம் பெட்டியில் ஒருவர் வைத்த பொருள் அடுத்தவர் பெட்டியில் இல்லாதது போன்றதே இது.

நான்காவது, பதிப்பு. மாட்யூலைப் புதுப்பிக்கும்பொழுது பழைய பதிப்பு தானே நீங்குவதில்லை. அதுவும் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மேலும், பவர்ஷெல் திரையைத் திறந்து பழைய பதிப்பை ஏற்றிவிட்டால், அத்திரையை மூடும்வரையில் அதுவே வழங்கும். ஆகையால், புதுப்பித்த பின்னர் திரையை மூடித் திறந்து, எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது என்று 'கெட்-மாட்யூல்' மூலம் பார்த்துக்கொள்ள வேண்டும். சில கட்டளைகள் சோதனைப் பதிப்பில் மட்டும் முதலில் வெளிவருவதும் உண்டு. அவற்றைப் பொதுப் பதிப்பில் தேடிப் பயனில்லை.

ஐந்தாவது, கட்டளை ஓய்வு பெற்றுவிட்டதா என்பது. சில கட்டளைகளை நிறுவனத்தாரே நிறுத்தி, வேறு பெயரில் புதியனவற்றைத் தருகின்றனர். தொலைபேசி எண்ணை ஒரு கணக்குடன் இணைக்க முன்பு 'செட்-சிஎஸ்ஆன்லைன்வாய்ஸ்யூசர்' என்று ஒரு கட்டளை இருந்தது. அவ்வேலையை 'செட்-சிஎஸ்போன்நம்பர்அசைன்மென்ட்' என்பது ஏற்றுக்கொண்டது. பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பழைய பெயரையே அழைப்பது, மாற்றலாகிப்போன அதிகாரியின் பெயருக்கு மனு அனுப்புவதை ஒக்கும்.

ஆறாவதாக நிற்பது அதிகாரம். 'கனெக்ட்-மைக்ரோசாஃப்ட்டீம்ஸ்' என்ற கட்டளையால் உள்நுழைந்த பின்னரே மற்றவை பயன்படும். உள்நுழைந்தவருக்கு உரிய நிர்வாகப் பொறுப்பு வழங்கப்பட்டிருக்கவும் வேண்டும். கட்டளை இருக்கும், கை செல்லாது.

அந்த ஒன்றியத்தில் நாங்கள் கண்டது

மறுநாட் காலையில் எழுத்தரை அருகில் வைத்துக்கொண்டு இவ்வரிசைப்படியே பார்த்தோம். பெயரில் பிழையில்லை. அவருடைய கணக்கில் டீம்ஸ் மாட்யூல் இல்லை. பின்னர்த் தலைவரின் அனுமதியுடன், முன்பிருந்த எழுத்தரின் பயனர் கோப்புறையைத் திறந்து பார்த்தோம். அங்கே 2020இல் நிறுவப்பட்ட பழைய பதிப்பு, கைபடாமல் அப்படியே இருந்தது. அழிக்க நினைத்தவர் அதனையா விட்டுச் சென்றிருப்பார்?

எழுத்தரின் கணக்கில் புதிய பதிப்பை நிறுவினோம். குறிப்பேட்டின் முதல் வரி 'நியூ-சிஎஸ்ஆன்லைன்செஷன்' என்பது. அதற்கு மட்டும் மீண்டும் அதே சிவப்பெழுத்து. அடுத்த வரி 'இம்போர்ட்-பிஎஸ்செஷன்' என்பது. இவ்விரண்டு வரிகளையும் கண்டவுடன்தான் எனக்கு முழு உண்மையும் விளங்கிற்று.

அக்காலத்தில் இக்கூட்ட விதிக் கட்டளைகள் நம் கணினியில் தங்குவதே இல்லை. முதல் வரி, தொலைவிலுள்ள நிறுவனத்தாரின் கணினியுடன் ஓர் இணைப்பை உண்டாக்கும். இரண்டாம் வரி, அங்குள்ள கட்டளைகளின் நிழல்களை அந்த ஒரு வேளைக்கு மட்டும் இங்கே தருவிக்கும். இணைப்பு முடிந்ததும் அவையும் மறைந்துவிடும். பக்கத்துச் சங்கத்திலிருந்து தராசைக் காலையில் இரவல் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு அது. இரவல் கொடுத்து வந்த ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைன் சேவை 2021ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த டீம்ஸ் மாட்யூலின் 2.0 பதிப்பில், பழைய வாயிலுக்கு வேலையில்லாமல், 'கனெக்ட்-மைக்ரோசாஃப்ட்டீம்ஸ்' என்ற ஒரே வாயில் போதும் என்றாயிற்று.

அப்படியானால், முன்பிருந்த எழுத்தர் எதனை அழித்திருக்க முடியும்? அவர் கையில் என்றும் தங்காத ஒன்றை அவர் எவ்வாறு அழிப்பார்? இக்கேள்வியைக் குழுவினர் முன்னிலையில் வைத்தேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பழைய இரண்டு வரிகளை அடித்துவிட்டு, புதிய வரி ஒன்றை எழுதினோம். கட்டளை உடனே அகப்பட்டது. ஆனால் இயக்கியபொழுது, அனுமதியில்லை என்ற விடை வந்தது. ஆறாவது காரணம் இது. அதிகாரம் முழுவதும் தலைவரின் கணக்கில் இருந்தது. முழு அதிகாரத்தையும் எழுத்தருக்குக் கொடுக்கவேண்டிய தேவையில்லை. 'டீம்ஸ் நிர்வாகி' என்ற அளவான பொறுப்பே போதுமானது. தலைவர் அதனை வழங்கினார்.

மாற்றுவதற்கு முன், இருப்பதைப் பார்ப்பது முறை. 'கெட்-சிஎஸ்டீம்ஸ்மீட்டிங்பாலிசி' என்று கேட்டு, 'குளோபல்' என்னும் பொதுவிதியைப் படித்தோம். அதில் 'ஆட்டோஅட்மிட்டட்யூசர்ஸ்' என்ற இடத்தில் 'எவ்ரிஒன்' என்று இருந்தது. அதாவது, காத்திராமல் யாவரும் நேரே நுழையலாம். இதனை வைத்தவர் முன்பிருந்த எழுத்தரே. ஆனால் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபொழுது, 2020இல் குழுவினரே, "பிரதிநிதிகள் இம்முறைக்குப் புதியவர்களாதலால் எல்லோரும் தடையின்றி நுழையுமாறு செய்க" என்று தீர்மானித்து ஒப்பமிட்டிருந்தது தெரிந்தது. அவர் இட்ட பணியைச் செய்தார். அவ்விடத்தில் 'எவ்ரிஒன்இன்கம்பெனி' என்று மாற்றினோம். பிரதிநிதிகள் அனைவருக்கும் ஒன்றியத்தின் பெயரிலேயே கணக்கு உண்டாதலால், அவர்கள் நேரே நுழைவர். மற்றவர் காத்திருப்பு அறையில் நிற்பர்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விதியை மாற்றியவுடனே அது நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. சில மணி நேரம் ஆகலாம். கூட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு மாற்றிவிட்டு நம்பியிருத்தல் கூடாது. மற்றொன்று, கூட்டத்தை அழைப்பவர் அந்தக் கூட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் யார் காத்திருக்கவேண்டும் என்பதைத் தனியே மாற்றக்கூடும். ஆகவே விலை, கொள்முதல், ஊழியர் விவகாரம் போன்றவை பேசப்படும் கூட்டங்களுக்கு, அழைப்பவர் அப்பக்கத்தையும் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டு நல்லதாயிருந்தாலும் கதவை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கமல்லவா?

சாவி யாரிடம்?

இக்கட்டுரையின் பகுதிகளில் அங்கத்தினர்கள் நினைவில் வைக்கவேண்டியது இதுவே. யான் அங்கே செல்வதற்கு இரண்டு நாள் முன்னர், வெளியூர்த் தொழில்நுட்பர் ஒருவர், "கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள், அரை மணியில் சரிசெய்து தருகிறேன்" என்று கூறியிருக்கிறார். எழுத்தர் மட்டும் தயங்கி, "ஐயா வரட்டும், கேட்டுக்கொண்டு சொல்லலாம்" என்று நிறுத்திவைத்தார். அவருடைய தயக்கத்திற்கு ஒன்றியம் நன்றி செலுத்த வேண்டும். தலைவரின் முழு அதிகாரக் கணக்கு என்பது ஒரு கதவின் சாவியன்று. எல்லாப் பெட்டிகளின் சாவிக்கொத்து. அதனைக் கொண்டு எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம், கணக்குகளையே நீக்கிவிடலாம். அந்தத் தொழில்நுட்பர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், நல்லவர் என்பதற்காக இரும்புப் பெட்டியின் சாவியை வழிப்போக்கரிடம் யாரும் கொடுப்பதில்லை. உதவி வேண்டுமாயின், அவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லட்டும், நம்மவர் தட்டச்சிடட்டும்.

அவ்வாறே, எங்கோ கண்டெடுத்த ஸ்கிரிப்டுக் கோப்பை, உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் இயக்குதல் ஆகாது. பவர்ஷெல் ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும்பொழுது, தடையை முற்றிலும் நீக்கிவிடுமாறு சிலர் யோசனை கூறுவர். வேண்டியதில்லை. 'ரிமோட்சைன்ட்' என்ற நிலையைப் பயன்படுத்துபவரின் கணக்கிற்கு மட்டும் வைப்பது பெரும்பாலும் போதுமானது. இணையத்திலிருந்து இறக்கியவற்றிற்கு நம்பத்தக்க கையொப்பம் வேண்டும் என்று அது கேட்கும்.

ஒன்றியத்தின் குழுவுக்கு எனது அறிக்கையில் பின்வரும் யோசனைகளைத் தெரிவித்தேன். ஏனைய சங்கங்களுக்கும் அவை பொருந்தும். முழு அதிகாரக் கணக்கு தனியொருவர் பெயரில் இன்றிச் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். அத்தகைய கணக்குகள் ஐந்துக்கும் குறைவாகவே இருக்கவேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரே கூறும் யோசனை. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவுமாறு இரண்டாவது இருப்பது நலம். கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயமாக வேண்டும். அன்றாட வேலைக்கு அளவான பொறுப்புள்ள கணக்கு போதும். இடும் கட்டளை ஒவ்வொன்றையும், தேதி, இட்டவர், காரணம், மாட்யூலின் பதிப்பு என்பவற்றுடன் ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, இருப்புச் சோதனையுடன் அப்பதிவேட்டையும் எடுத்து, கட்டளைகள் இன்னும் வழங்குகின்றனவா என்று 'கெட்' வகைக் கட்டளைகளால் பார்த்துக்கொள்ள வேண்டும். பணியிலிருந்து ஒருவர் நீங்கும்பொழுது, சாவியும் ரொக்கமும் ஒப்படைப்பது போல, இப்பதிவேட்டையும் ஒப்படைத்து ஒப்பம் பெறவேண்டும்.

முன்பிருந்த எழுத்தரின் குறிப்பேடு இல்லாதிருந்தால், நாங்கள் எங்கிருந்து தொடங்குவது என்றே அறியோம். அழகிய கையெழுத்தில், எந்தக் கட்டளையை ஏன் இட்டார் என்று ஒவ்வொன்றிற்கும் எதிரே காரணம் எழுதி வைத்திருந்தார். கெடுக்க நினைப்பவர் செய்யும் வேலையன்று அது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று அறிக்கையில் எழுதினேன். அவருக்குச் சேரவேண்டிய தொகையை அந்த வாரமே கொடுக்கக் குழு தீர்மானித்தது. காசோலையுடன் தலைவரே அவர் வீட்டிற்குச் சென்று, வருத்தம் தெரிவித்துவிட்டு வந்ததாகப் பின்னர்க் கேள்வியுற்றேன்.

அங்கத்தினர்களுக்குக் கட்டளைகளின் பெயர்கள் நினைவிலிருக்க வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த பொதுக்குழுவில், "நம் இணையக் கூட்டங்களின் சாவி யாரிடம் இருக்கிறது? கட்டளைப் பதிவேடு உண்டா? கடைசியாக அதனைச் சரிபார்த்தது எப்பொழுது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இனி எந்தச் சங்கத்திலாவது கணினி "அறியேன்" என்று கூறுமாயின், ஓர் ஆளின்மேல் பழியைச் சுமத்துவதற்கு முன், பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஆறு படிகளையும் வரிசையாகப் பாருங்கள். தேடுவதற்கு ஒரு மணி நேரமே ஆகும்.